ஒரு மீத்தைல் தொகுதியின் தூரம்

மூலக்கூறின் அமைப்புக்கும் அது உடலில் செய்யும் வேலைக்கும் உள்ள தொடர்பைக் கரிம வேதியியல் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், கரும்பலகையில் ஃபென்டனைல் என்ற வலிநிவாரணியின் அமைப்பையும் அதற்குப் பக்கத்திலேயே ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜன்களும் சேர்ந்த மீத்தைல் தொகுதி ஒன்று கூடுதலாக உள்ள ஆல்ஃபா-மீத்தைல்ஃபென்டனைலின் அமைப்பையும் வரைந்து வைத்திருந்தேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஒரே ஒரு மீத்தைல்தானே மேடம் கூடுதலா இருக்கு? அதனால பெருசா என்ன மாறிடப் போகுது?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, கண்ணுக்கு முன்னால் இரண்டு படங்கள் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும்போது எவருக்கும் எழக்கூடிய ஐயம்தான் அது. மணி அடித்துவிட்டதால் அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று முடித்துக்கொண்டேன். அந்தப் பதிலைத் தயார் செய்ய உட்கார்ந்தபோதுதான், அறியப்பட்ட ஆபத்தான போதைப்பொருள்களைப் போலவே இருக்கும்படி வேதியியல் முறையில் மாற்றியமைக்கப்பட்டு விற்கப்படும் பொருள்களின் கதை முழுவதும் அவனுடைய அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

மிக எளிய உதாரணத்திலிருந்து தொடங்குவதே முறை. மதுவில் இருக்கும் எத்தனாலுக்கும், கலப்படச் சாராயத்தில் உயிரைக் குடிக்கும் மெத்தனாலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜன்களும் மட்டுமே. நிறத்தில் வேறுபாடு இல்லை, மணத்தில் பெரிதாக இல்லை, குடித்த முதல் சில மணி நேரத்தில் வரும் மயக்கத்திலும் தெளிவான வேறுபாடு இல்லை. ஆனால் கல்லீரல் எத்தனாலை அசிட்டால்டிஹைடாகவும் பிறகு அசிட்டிக் அமிலமாகவும் மாற்றிச் சமாளித்துவிடுகிறது. அதே நொதிகள் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும்போது பார்வை நரம்பு பாழாகிறது, இரத்தம் அமிலமாகிறது, ஆள் இறந்துபோகிறார். உடல் ஒரு மூலக்கூறின் முகத்தைப் பார்த்து, இது இன்னாரின் உறவினர் என்று விட்டுவிடுவதில்லை. அது செல்லில் பூட்டுபோல் அமைந்த எந்த ஏற்பியில் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது, எந்த நொதியால் வெட்டப்படுகிறது, வெட்டுண்ட பிறகு என்னவாகிறது என்பவற்றை மட்டுமே உடல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அவன் கேட்ட மீத்தைல் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். பெல்ஜியத்தில் பால் யான்சென் 1960 வாக்கில் உருவாக்கிய ஃபென்டனைல், மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்ட வலிநிவாரணி. அறுவை அரங்குகளில் மயக்கவியல் மருத்துவர்களின் கையில் அது இன்றும் அருமையான மருந்து. அதில் ஓரிடத்தில் ஒரு மீத்தைலைச் சேர்த்தால் கிடைக்கும் ஆல்ஃபா-மீத்தைல்ஃபென்டனைலின் வீரியம் ஃபென்டனைலின் வீரியத்துக்கு ஏறத்தாழ அருகிலேயே நிற்கிறது. அதே மீத்தைலை, அதே மூலக்கூறின் வேறொரு கார்பனில், குறிப்பிட்ட ஒரு திசையை நோக்கி வைத்தால் கிடைக்கும் 3-மீத்தைல்ஃபென்டனைலோ ஃபென்டனைலையே பல மடங்கு விஞ்சிவிடுகிறது. 2000-களில் எஸ்டோனியாவில் ஹெராயின் கிடைக்காத இடத்தை இந்தப் பொருள் நிரப்பியபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாளில் வரைந்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரு விரற்கடைகூட இல்லை.

தெரிந்தே செய்யப்படும் இத்தகைய மாற்றங்கள் புதியவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1925-ஆம் ஆண்டின் ஜெனீவா அபின் உடன்படிக்கை ஹெராயினைப் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்தியதும், அதே மார்ஃபினில் வேறு அமிலத் தொகுதிகளை ஒட்டி டைபென்சாயில்மார்ஃபின், அசிட்டைல்புரோப்பியோனைல்மார்ஃபின் ஆகியவை சந்தைக்கு வந்தன. அவை ஹெராயின் அல்ல, ஆனால் ஹெராயினின் வேலையைச் செய்தன. 1931-ஆம் ஆண்டின் உடன்படிக்கை, ஹெராயினோடு மார்ஃபினில் அமிலத் தொகுதி ஒட்டிய மற்ற வடிவங்களான எஸ்டர்களையும் அவற்றின் உப்புகளையும் ஒரே சொற்றொடரில் சேர்த்துக்கொண்ட பிறகுதான் அந்த வாசல் அடைபட்டது. பின்னாளில் வந்த சட்டங்கள் எல்லாம் இதே இரண்டு வழிகளுக்கு இடையில்தான் அலைந்தன: ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லித் தடுப்பது, அல்லது ஒரு குடும்பத்தையே வளைத்துப் பிடிப்பது.

1979-இல் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில், ஹெராயின் அளவுமீறியதற்கான எல்லா அடையாளங்களோடும் சிலர் இறந்தார்கள்; ஆனால் அவர்களுடைய உடலில் ஹெராயின் இல்லை. 'சைனா ஒயிட்' என்ற பெயரில் விற்கப்பட்ட அந்தப் பொடிதான் ஆல்ஃபா-மீத்தைல்ஃபென்டனைல். அமெரிக்க அரசு 1981-இல் அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அடுத்தடுத்து வேறு ஃபென்டனைல்கள் வந்தன. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கேரி ஹெண்டர்சன் இவற்றுக்கு 'டிசைனர் டிரக்ஸ்' என்று பெயர் வைத்தார். வாங்குபவரின் அளவுக்குத் தைப்பதுபோல, சட்டத்தின் ஓட்டைக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டவை என்ற பொருள் அதில் இருந்தது. 1984-இல் அவசரகாலத் தடைக்கான அதிகாரமும், 1986-இல் ஒப்புமைச் சேர்மங்களுக்கான கூட்டாட்சிச் சட்டமும் வந்தன. தடை செய்யப்பட்ட பொருளோடு வேதி அமைப்பிலும் விளைவிலும் 'கணிசமாக ஒத்திருக்கும்' பொருள், மனிதர் உட்கொள்வதற்காக விற்கப்பட்டால் அதுவும் தடை செய்யப்பட்டதாகவே கருதப்படும் என்றது அந்தச் சட்டம்.

இதில் இரண்டு சொற்கள் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கின்றன. ஒன்று, 'கணிசமாக ஒத்திருக்கும்' என்பது. எவ்வளவு ஒத்திருந்தால் கணிசம் என்பதற்கு வேதியியலில் அளவுகோல் கிடையாது. நீதிமன்றத்தில் இரு தரப்பு வேதியியலாளர்களும் ஒரே இரண்டு படங்களைப் பார்த்து நேரெதிரான சாட்சியம் சொல்ல முடியும், சொல்லியும் இருக்கிறார்கள். மற்றொன்று, 'மனிதர் உட்கொள்வதற்காக' என்பது. குளியல் உப்பு, தாவர உரம், நறுமணப் புகை என்றெல்லாம் பெயரிட்டு, 'மனிதர் உட்கொள்ளத் தக்கதல்ல' என்று அச்சிட்டு வரும் பளபளப்பான பொட்டலங்கள் இந்த வரியை மனத்தில் வைத்து வந்தவையே. அந்தச் சொற்கள் வாங்குபவரை எச்சரிக்க எழுதப்பட்டவை அல்ல. விற்பவரின் வழக்கறிஞருக்காக எழுதப்பட்டவை. படிக்கும் இளைஞர் அதை ஒரு கண்சிமிட்டலாக எடுத்துக்கொள்கிறார். ஆனால் பொட்டலத்தில் அச்சிட்டவற்றில் உண்மையாக இருக்கும் ஒரே வாக்கியம் அதுதான்.

கஞ்சாவின் பெயரில் விற்கப்படும், அதன் வேதிப்பொருள்களைப் போல மூளையில் செயல்படும் செயற்கைக் கன்னபினாய்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் 'அது மாதிரிதான் இது' என்ற பொய் மிகக் கூடுதலாக விலைபோவது இங்கேதான். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற வேதியியல் பேராசிரியர், மூளையில் உள்ள கன்னபினாய்டு ஏற்பிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அறிவதற்காக நூற்றுக்கணக்கான சேர்மங்களை உருவாக்கி, ஆய்விதழ்களில் வெளியிட்டார். அவற்றுக்கு அவருடைய பெயரின் முதலெழுத்துகளே அடையாளமாயின. 2008-ஆம் ஆண்டின் இறுதியில், 'ஸ்பைஸ்' என்ற பெயரில் மூலிகைக் கலவையாக விற்கப்பட்ட பொட்டலங்களை ஜெர்மனியில் ஆராய்ந்தபோது, அவற்றில் அவருடைய ஜேடபிள்யூஎச்-018 இருந்தது. உலர்ந்த இலைகள் வெறும் சுமைதாங்கி. மேலே தெளித்திருந்த சேர்மமே சரக்கு. மனிதர்களிடம் சோதிக்கப்படாத பொருள் இது, இதைப் புகைக்காதீர்கள் என்று ஹஃப்மன் பலமுறை வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய நிலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஏற்பியை அறிய அவர் செய்த சாவிகளை வேறு யாரோ நகலெடுத்துத் தெருவில் விற்றார்கள்.

இயற்கையான கஞ்சாவில் போதை தரும் முதன்மைப் பொருளான டிஎச்சி, மூளையின் சிபி1 என்ற கன்னபினாய்டு ஏற்பியைப் பகுதியளவே தூண்டக்கூடியது. வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டரை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம்: டிஎச்சி எத்தனை முறை திருகினாலும் இரண்டாம் எண்ணைத் தாண்டாத கை என்றால், ஜேடபிள்யூஎச்-018-உம் அதன் பின்வந்தவைகளும் ஒரே திருகலில் ஐந்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும் கைகள். அளவைக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். ஆனால் உச்சவரம்பே வேறாக இருக்கும் பொருளில், கொஞ்சம் கூடினாலும் போய்ச் சேரும் இடம் வேறு. வலிப்பு, கடும் மனக்குழப்பம், சிறுநீரகச் சிதைவு, மாரடைப்பு ஆகியவை கஞ்சாவோடு அரிதாகவும் இவற்றோடு அடிக்கடியும் பேசப்படுவதற்குக் காரணம் இதுதான். 2016 ஜூலை 12 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரே பகுதியில் 33 பேர், கண்கள் வெறித்து, கைகால்கள் இயந்திரம்போல் மெதுவாக அசைய, முனகியபடி நடைபாதையில் நின்றிருந்தார்கள். செய்தித்தாள்கள் அவர்களை நடைப்பிணங்கள் என்று எழுதின. அந்தச் சொல்லை நான் விரும்பவில்லை, அவர்கள் நோயாளிகள். பின்னர் வெளிவந்த ஆய்வு, அவர்கள் புகைத்த பொட்டலத்தில் ஏஎம்பி-ஃபுபினாக்கா என்ற சேர்மம் இருந்ததையும், அது டிஎச்சியைவிட ஏறத்தாழ 85 மடங்கு வீரியமுள்ளது என்பதையும் காட்டியது.

இவ்வளவு வீரியம் உள்ள பொருளில் கலப்பு என்பதே தனி ஆபத்து. ஃபென்டனைலில் சுமார் 2 மில்லிகிராம், அதாவது சில உப்புத் துகள்களின் அளவு, பழக்கமில்லாத ஒருவரின் மூச்சை நிறுத்தப் போதும். மருந்துத் தொழிற்சாலையில் ஒவ்வொரு மாத்திரையிலும் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே தனிச் சோதனை உண்டு. அது தவறினால் அந்தத் தொகுப்பு முழுவதும் நிராகரிக்கப்படும். வாளியில் கலக்கும் இடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரே பொட்டலத்தின் ஒரு மூலையில் ஒன்றும் இல்லாமலும் மறு மூலையில் மூன்று பேருக்கான அளவும் இருக்கலாம். நேற்று எடுத்தவன் இன்று நன்றாக இருக்கிறான் என்பது இன்று எடுப்பவனுக்கு எந்த உறுதியையும் தராது. எக்ஸ்டசி என்ற போதை மாத்திரை என்று நம்பி பிஎம்ஏ என்ற நெருங்கிய சேர்மத்தை விழுங்கியவர்களின் கதையும் இப்படித்தான்: அது மெதுவாக வேலை செய்யத் தொடங்குவதால், சரக்கு சரியில்லை என்று எண்ணி இரண்டாவது மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்கள், இரண்டும் சேர்ந்து ஏறும்போது உடல் வெப்பம் தாங்கமுடியாத அளவுக்கு உயர்ந்துவிடுகிறது.

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது தடயவியல் வேதியியலாளராக இருக்கிறாள். அவளுடைய ஆய்வகத்துக்கு ஒருமுறை போயிருந்தபோது, மூலக்கூறை உடைத்து, துண்டுகளின் நிறையை வைத்து அடையாளம் காணும் நிறைநிறமாலைமானியின் திரையில் ஒரு மாதிரியின் வரைபடத்தைக் காட்டினாள். கஃபீனுக்கு ஓர் உச்சி, பாரசிட்டமாலுக்கு ஓர் உச்சி, அவற்றுக்கு இடையில் கூர்மையாக ஓங்கி நின்ற மூன்றாவது உச்சிக்கு நேரே 'பொருத்தம் இல்லை' என்று இருந்தது. கருவி தன் நூலகத்தில் உள்ள பல்லாயிரம் நிறமாலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டது. "ஃபென்டனைல் குடும்பம்னு துண்டுகளைப் பார்த்தாலே தெரியுது மேடம். ஆனா எந்தப் பிள்ளைன்னு சொல்ல முடியலை. ஸ்டாண்டர்டு வந்தாத்தான் அறிக்கையில எழுத முடியும்" என்றாள். ஒப்பீட்டுக்கான தூய மாதிரியை யாராவது தயாரித்து விற்கும்வரை அந்தக் கோப்பு மேசையிலேயே கிடக்கும். மருத்துவமனைகளில் சிறுநீரில் செய்யும் விரைவுச் சோதனைகளோ இன்னும் பின்தங்கியவை. அவை தெரிந்த சில வடிவங்களைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை நம்பியிருப்பதால், வடிவம் சற்று மாறினாலும் 'இல்லை' என்று காட்டிவிடும். படுக்கையில் மூச்சுத் திணறும் ஒருவரை வைத்துக்கொண்டு, சோதனைத் தாள் சொல்லும் 'இல்லை'யை நம்புவதா, ஃபென்டனைல் போன்றவற்றின் அடையாளமாகக் கண்முன் தெரியும் ஊசிமுனைக் கண்பாவையை நம்புவதா என்று முடிவெடுப்பது மருத்துவரின் தலையில் விழுகிறது. நல்ல மருத்துவர்கள் கண்பாவையை நம்பி, அவற்றுக்கு முறிவு மருந்தான நலோக்சோனைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் இவற்றுக்காக 1997-இலேயே ஒரு முன்னெச்சரிக்கை அமைப்பை ஏற்படுத்தியது. 2014-ஆம் ஆண்டில் மட்டும் அதற்கு 101 புதிய பொருள்கள் அறிவிக்கப்பட்டன. 2023-இன் இறுதியில் அது கண்காணித்துவந்த பொருள்கள் 950-க்கும் மேல். பெயர் சொல்லித் தடுக்கும் வழி இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதால் பல நாடுகள் குடும்பத்தையே வளைக்கும் வழிக்கு வந்தன. பிரிட்டன் 2016-இல், மது, நிகோடின், கஃபீன் போன்றவற்றை விலக்கிவிட்டு, மனநிலையை மாற்றும் எதையும் விற்பது குற்றம் என்று சட்டம் இயற்றியது. சீனா 2019 மே 1 முதல் ஃபென்டனைல் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. அதே ஆண்டில்தான் ஐசோடோனிடசீன் என்ற பொருள் பல நாடுகளின் ஆய்வகங்களில் தலைகாட்டத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1950-களின் இறுதியில் வலிநிவாரணிகளைத் தேடி உருவாக்கி, ஆபத்தானவை என்று மருந்தாக்காமல் விட்ட நிடசீன்கள் என்ற வேறொரு குடும்பம் அது. ஒன்றுக்கு மற்றொன்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு கதவைச் சாத்தினால் பழைய ஆய்விதழ்களைப் புரட்டி அடுத்த கதவைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள் என்பது தெளிவு. குடும்பத்தடை வேண்டாம் என்பது என் கருத்து அல்ல. கடைவீதியில் பகிரங்கமாக விற்பதை அது நிறுத்தியது, அது சிறிய காரியமில்லை. ஆனால் ஆய்வகங்களுக்கு ஒப்பீட்டு மாதிரிகளும் கருவிகளும் ஆட்களும் தராமல் சட்டத்தை மட்டும் விரித்துக்கொண்டே போவது, பூட்டை மாற்றிவிட்டு விளக்கை அணைத்துவைப்பதற்குச் சமம்.

அடுத்த வகுப்பில் இவ்வளவையும் அந்த மாணவனுக்குச் சொல்ல நேரமில்லை. அதனால் மெத்தனாலைச் சொல்லிவிட்டு, நேராக ஒரு கதைக்குப் போனேன்.

1976-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், 23 வயதான ஒரு வேதியியல் பட்டதாரி மாணவர், பெத்திடின் என்ற வலிநிவாரணியின் நெருங்கிய உறவான எம்பிபிபி என்ற பொருளை வீட்டிலேயே தயாரித்துத் தனக்கு ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார். அது அப்போது எந்தத் தடைப்பட்டியலிலும் இல்லை. ஒரு நாள் அவசரத்தில் செய்முறையைச் சுருக்கினார். விளைந்த பொடியில் எம்பிடிபி என்ற துணைவிளைபொருள் கலந்திருந்தது. சில நாள்களுக்குள் அவருடைய உடல் விறைத்துப்போனது. முதியோருக்கு வரும் பார்கின்சன் நோயின் முழு வடிவமும் அந்த இளைஞரிடம் இருந்தது. 1979-இல் இதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை ஒன்று அதிகம் கவனிக்கப்படாமல் வெளிவந்தது.

1982-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில், அசையவும் பேசவும் முடியாத ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கண்கள் திறந்திருந்தன, கண் சிமிட்டுவதுகூட அரிது. கையைத் தூக்கி வைத்தால் வைத்த இடத்திலேயே நின்றது. மனநோயாக இருக்குமோ என்றுகூட எண்ணினார்கள். அவருடைய விரல்களில் லேசான அசைவு இருப்பதைக் கவனித்து ஒரு பென்சிலைக் கொடுத்தபோது, மிக மிக மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினார். உள்ளே அறிவு முழுதாக விழித்திருந்தது. தான் ஹெராயின் எடுத்துக்கொண்டதை அவர் அப்படித்தான் தெரிவித்தார். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனும் அவருடைய குழுவினரும் தேடியபோது அதே நிலையில் இன்னும் சிலர் கிடைத்தார்கள். அனைவரும் செயற்கை ஹெராயின் என்று விற்கப்பட்ட பொடியை வாங்கியவர்கள். அந்தப் பொடியில் இருந்தது எம்பிடிபி. மூளைக்குள் நுழைந்ததும் அங்குள்ள ஒரு நொதி அதை வேறொன்றாக மாற்றுகிறது. அது, அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமினைச் சுரக்கும் செல்களுக்குள் டோபமினுக்கான வாசல் வழியாகவே புகுந்து, அவற்றின் மைட்டோகாண்டிரியாவைச் செயலிழக்க வைத்துக் கொன்றுவிடுகிறது. அந்தச் செல்கள் திரும்ப வளர்வதில்லை. பார்கின்சன் நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரையால் அவர்கள் ஓரளவு அசைந்தார்கள், பேசினார்கள், குணமாகவில்லை. இந்தத் துயரம் 1983-இல் ஆய்விதழில் வெளியான பிறகு, பார்கின்சன் நோயை ஆய்வகத்தில் உருவாக்கிப் படிப்பதற்கான கருவியாக எம்பிடிபி மாறியது. இன்றைய பார்கின்சன் ஆராய்ச்சியில் அதன் பங்கு பெரியது. அந்த அறிவுக்கு விலை கொடுத்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

பலகையில் எம்பிபிபி-க்குப் பக்கத்தில் எம்பிடிபி-யை வரைந்து முடித்தபோது வகுப்பில் பேச்சு இல்லை. இரண்டாவது வரிசை மாணவன் கொஞ்ச நேரம் இரண்டு படங்களையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மேரிலாந்து மாணவருக்குக் கெமிஸ்ட்ரி சரியாத் தெரியாதா மேடம்?" என்று கேட்டான்.

நன்றாகவே தெரியும் என்றேன். எம்பிடிபி கலந்த அந்தப் பொடிக்கு முன்பு பல மாதங்கள், அதே பொருளை அவர் பிழையில்லாமல் தயாரித்திருந்தார் என்பதையும் சொன்னேன். மணி அடித்தது. அழிப்பானை எடுத்தபோது, பலகையை அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அவன் நின்றபடியே அந்த இரண்டு படங்களையும் நோட்டில் வரைந்துகொண்டான்.